நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஊற்று, ஓடை, நிலத்தடி நீர் பற்றி எங்கிருந்து சொல்லத் தொடங்கலாம்?

பச்சையாறு டீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். களக்காட்டுக்கும் நாங்குநேரிக்கும் நடுவில் ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். பிள்ளைகளில் பாதிப் பேர் வாழை போடுகிற வீடு, மீதிப் பேர் பீடி சுற்றுகிற வீடு. நீர்ச் சுழற்சிப் படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வரைந்துவிடுவார்கள். கடல், ஆவி, மேகம், மழை, அம்புக்குறி எல்லாம் சரியாக இருக்கும். "நம்ம பள்ளிக்கூடத்துக் குழாயில தண்ணி எங்கேயிருந்து வருது?" என்று கேட்டால் "டேங்க்ல இருந்து" என்பார்கள். டேங்குக்கு எப்படி வந்தது என்றால் "மோட்டார் போட்டா வரும் டீச்சர்". அதற்கு மேல் ஒருவரும் போகவில்லை.

பள்ளிக்குப் பின்னால் ஓர் ஓடை இருக்கிறது. மலையில் நல்ல மழை பெய்தால் சில நாள் தண்ணீர் ஓடும். மற்ற நாளெல்லாம் சீமைக்கருவேலும் குப்பையும்தான். மதியச் சாப்பாட்டுத் தட்டு கழுவுகிற தண்ணீரும் அதில்தான் போய் விழுகிறது. அந்த ஓடை ஊர்க்குளத்துக்குப் போகிறது. குளத்துக்குக் கீழே இருக்கிற கிணறுகளை நம்பித்தான் ஊர் கோடையைத் தாண்டுகிறது. பிள்ளைகள் தினமும் மிதித்து நடக்கிற பாதை இது. அவர்களுக்கு இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கத் தெரியவில்லை.

வருஷா வருஷம் மார்ச் 22, உலக தண்ணீர் தினத்துக்கு ஓவியப் போட்டி வைக்கிறோம். பூமி உருண்டை அழுகிற மாதிரி வரைந்தவனுக்குப் பரிசு. அது நடக்கட்டும். எனக்கு வருஷம் முழுக்க நடக்கிற மாதிரி ஏதாவது வேண்டும். காசு கிடையாது. பாடவேளை நாற்பது நிமிஷம். கிணற்றுப் பக்கமோ குளத்துப் பக்கமோ கூட்டிக்கொண்டு போனால் பெற்றோர் பயப்படுகிறார்கள், அந்தப் பயம் நியாயமானது. இதற்குள் என்ன செய்யலாம்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

கடனாநதி

டீச்சர், அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். இரண்டு விஷயம் சொல்கிறேன்.

ஜனவரி மாதம் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. மணிமுத்தாற்றில் இருக்கிற அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம் நடத்துவது. தன்னார்வலர்கள் குழுக் குழுவாகப் பிரிந்து குளம் குளமாகப் போவார்கள். உங்கள் பிள்ளைகளுக்குக் கூந்தன்குளம் பக்கம்தானே, ஒரு நாள் கூட்டிக்கொண்டு போங்கள். பறவைகள் சரணாலயம், 2022-ல் ராம்சர் பட்டியலில் (உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்த இடம் அது. பறவை எச்சம் கலந்த தண்ணீரும் வண்டலும் வயலுக்கு உரம் என்று அந்த ஊர்க்காரர்களே சொல்லுவார்கள். பறவை கலைந்துவிடக் கூடாது என்று வெடி போடுவதைத் தவிர்க்கிற ஊர். நம் மாவட்டத்துக்குள்ளேயே இப்படி ஓர் ஊர் இருப்பதைப் பிள்ளைகள் நேரில் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, ஓடையில் தண்ணீர் ஓடுகிற நாளில் ஒரு வெள்ளைத் தட்டும் டீ வடிகட்டியும் எடுத்துப் போங்கள். கணுக்கால் அளவுத் தண்ணீர் போதும். ஒரு கல்லைப் புரட்டி, அதன் அடியை வடிகட்டியில் அலசித் தட்டில் கொட்டினால் பூச்சிகள் நெளியும். தட்டானின் இளசு, சின்ன நத்தை, நீச்சல் வண்டு இப்படி வகை வகையாக இருந்தால் தண்ணீர் அவ்வளவாகக் கெடவில்லை என்று அர்த்தம். சாக்கடை கலக்கிற இடத்துக்குக் கீழே அதே மாதிரி எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் சிவப்புப் புழுதான் இருக்கும். மேலே ஒரு தட்டு, கீழே ஒரு தட்டு என்று பக்கத்தில் வைத்தாலே பிள்ளைகள் மீதியைப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்ல வேண்டும். பூச்சிகளைத் திரும்ப ஓடையிலேயே விட்டுவிட வேண்டும்.

மறுகால்

டீச்சர், நான் பாசனப் பிரிவில் லஸ்கராக (மடை, வாய்க்கால் பார்த்துக்கொள்கிற கடைநிலை ஊழியர்) சேர்ந்து பணி ஆய்வாளராக ஓய்வு பெற்றவன். மடை திறப்பதும் மூடுவதும், மறுகால் பாய்கிற ராத்திரியில் கரையில் படுத்துக் கிடப்பதுமாகப் போன வாழ்க்கை. இப்போது சேரன்மகாதேவி பக்கம் இருக்கிறேன். சுற்றுவட்டாரத்துப் பள்ளிக்கூடங்களில் கூப்பிட்டால் போய்ப் பிள்ளைகளோடு நடப்பேன். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

தாமிரபரணியிலிருந்து தொடங்காதீர்கள். அகத்தியர், பொதிகை, வற்றாத ஜீவநதி என்று சொன்னால் பிள்ளைகள் பெருமையாகக் கேட்டுக்கொள்வார்கள், அது எங்கேயோ இருக்கிற ஆறு என்று விட்டுவிடுவார்கள். உங்கள் ஓடையிலிருந்து தொடங்குங்கள். ஓடை குளத்துக்குப் போகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். குளம் நிறைந்தால் தண்ணீர் எங்கே போகும் என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். மறுகால், அதாவது மிகுதித் தண்ணீர் போகிற வழி, அதன் வழியாக வெளியேறி அடுத்த ஊர்க் குளத்துக்குப் போகும். அது நிறைந்து அதற்கடுத்த குளத்துக்கு. நம் பக்கத்துக் குளங்கள் தனித்தனியாக வெட்டினவை அல்ல, ஒன்றின் மறுகால் இன்னொன்றுக்குத் தண்ணீர் கொண்டுவருகிற வரத்துக்கால். பச்சையாற்றில் சேருகிற தண்ணீராக இருந்தால் தருவை பக்கத்தில் தாமிரபரணியில் கலந்து, மருதூர், ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுகளைத் தாண்டி, புன்னக்காயலில் கடலுக்குப் போகும். வழியில் எத்தனை ஊர் அதைக் குடிக்கிறது என்று ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். சத்துணவுத் தட்டு கழுவின தண்ணீரை ஓடையில் விடலாமா என்ற கேள்வியை நீங்கள் கேட்கவே வேண்டாம், யாராவது ஒரு பிள்ளை கேட்கும். கேட்டதும் அந்த வாரமே அந்தத் தண்ணீரை ஒரு வாழைப் பாத்திக்குத் திருப்பிவிடுங்கள். பிள்ளை கேட்டது நடந்தது என்று தெரிய வேண்டும்.

அடுத்தது கிணறு. இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

"பூமிக்கு அடியில் ஆறு ஓடுது" என்று நம் ஊரில் பெரியவர்களே நம்புகிறார்கள். கடற்கரைப் பக்கத்தையும் ஆற்றங்கரை வண்டலையும் விட்டால் நம் மாவட்டம் பெரும்பாலும் கடினப்பாறை. மேலே மண், அதற்குக் கீழே சரளை, அதற்குக் கீழே கையால் உடைத்தால் பொடிகிற உதிர்பாறை, அப்புறம் வெடி வைத்தாலொழிய அசையாத கரும்பாறை. மழைத்தண்ணீர் உதிர்பாறையில் ஊறி நிற்கிறது. கரும்பாறையில் வெடிப்பு இருந்தால் அதற்குள்ளும் இறங்குகிறது. வெட்டுக்கிணறு முக்கியமாக உதிர்பாறைத் தண்ணீரைக் குடிக்கிறது. போர் போட்டால் வெடிப்பில் உள்ள தண்ணீரை உறிஞ்சுகிறது. அந்த வெடிப்பும் மேலே உதிர்பாறையிலிருந்து இறங்கித்தான் நிரம்ப வேண்டும். ஆழத்தில் போர் போட்டு இழுக்க இழுக்கப் பக்கத்துக் கிணறு வற்றுவது இதனால்தான். இதைக் கரும்பலகையில் வரைந்தால் இன்னொரு படம் என்று நினைத்துக்கொள்வார்கள். நேரில் காட்டலாம், காசே வேண்டாம்.

வீட்டில் சுவரில் மாட்டுகிற கண்ணாடி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். வெயில் நேரத்தில், இடுப்பளவுக்கு மேல் சுற்றுச்சுவர் உள்ள கிணற்றுக்குப் போங்கள். சுவர் இல்லாத கிணற்றுக்குப் போகவே கூடாது, எவ்வளவு நல்ல கிணறாக இருந்தாலும் சரி. பிள்ளைகள் ஒரு கை தள்ளி நிற்க, மூன்று மூன்று பேராக வந்து பார்க்கட்டும். நீங்கள் கண்ணாடியில் வெயிலைப் பிடித்து உள்ளே திருப்புங்கள். வெளிச்சம் மெதுவாகக் கிணற்றுச் சுவரில் இறங்கும்போது செம்மண் முடிகிற இடம், சரளை தொடங்குகிற இடம், பாறையில் பழைய உளி அடையாளம் எல்லாம் பளிச்சென்று தெரியும். மோட்டார் ஓடி நின்ற கொஞ்ச நேரத்தில் போனால் இன்னும் நல்லது. நீர்மட்டம் கீழே போயிருப்பதால் ஊற்றுக்கண் வெளியே தெரியும். ஒரு பள்ளிக்கூடத்தில் நான் அப்படி வெளிச்சத்தை இறக்கியபோது, பாறை இடுக்கில் ஒரு விரல் அகலத்துக்குப் பளபளவென்று தண்ணீர் கசிந்து, பாசி மேல் வழிந்து, சொட்டுச் சொட்டாகக் கீழே விழுந்தது. சொட்டு விழுகிற சத்தம் மேலே வரைக்கும் கேட்டது. "பாறைக்கு வேர்க்குது" என்றாள் ஒரு பிள்ளை. இவ்வளவு சின்ன வழியாகத்தான் இத்தனை தண்ணீரும் வருகிறதா என்று அடுத்தவன் கேட்டான். அந்தக் கேள்விக்கு அப்புறம் நிலத்தடி நீரைப் பற்றி என்ன சொன்னாலும் காது கொடுத்துக் கேட்பார்கள்.

மூன்றாவது, அதே கிணற்றை வருஷம் முழுக்க அளங்கள். வாரம் ஒரு நாள், காலையில், மோட்டார் போடுவதற்கு முன். சுற்றுச்சுவரில் ஓர் இடத்தில் சிவப்புப் பெயிண்டால் கோடு போட்டு, எப்போதும் அங்கிருந்தே அளக்க வேண்டும். அளப்பது பெரியவர் ஒருவர், எழுதுவது பிள்ளைகள். பள்ளி மொட்டைமாடியில் ஒரு மழைமானியும் வைத்துக்கொள்ளுங்கள். நேரான பக்கமுள்ள பிளாஸ்டிக் பாட்டிலின் மேல்பாதியை வெட்டிக் கவிழ்த்து வைத்தால் அதுவே மழைமானி. அடிப்பாகம் குழிந்திருந்தால் கொஞ்சம் சிமெண்ட் ஊற்றிச் சமம் செய்துகொள்ளுங்கள். கிணற்று ஆழத்தை மேலிருந்து கீழாக ஒரு கோடாகவும், மழையை அதற்கு மேலே பட்டையாகவும் வரைந்து வகுப்புச் சுவரில் ஒட்டுங்கள்.

மத்திய நிலத்தடி நீர் வாரியம் தன்னுடைய கண்காணிப்புக் கிணறுகளை வருஷத்துக்கு நாலு தடவை அளக்கிறது. உங்கள் பிள்ளைகள் வாரா வாரம் அளந்தால், அந்தக் கிணற்றைப் பொறுத்தவரை அரசாங்கத்தைவிட நெருக்கமான கணக்கு அவர்களிடம் இருக்கும். இதை அவர்களிடம் சொல்லுங்கள். மார்பு நிமிர்ந்துவிடும்.

இது ஆடி மாதம். மலையில் சாரல், உங்கள் சமவெளியில் காற்று மட்டும்தான். கிணறு இப்போது இறங்கிக் கிடக்கும். இப்போது அளக்கத் தொடங்கினால் ஐப்பசி, கார்த்திகையில் கோடு ஏறுவதைப் பார்க்கலாம். மழை பெய்த அன்றே ஏறாது, குளத்தில் தண்ணீர் நின்ற பிறகுதான் நன்றாக ஏறும். குளம் நிலத்தடி நீருக்கு என்ன செய்கிறது என்று நீங்கள் சொல்லித்தர வேண்டிய பாடத்தை அந்தக் கோடு சொல்லித்தந்துவிடும்.

தேரிக்காட்டு அக்கா

மறுகால் அண்ணாச்சி எழுதியதை வரி வரியாகப் படித்தேன். நான் திசையன்விளைப் பக்கம். எங்கள் நிலம் வேறு மாதிரி, அதையும் சொல்லிவிடுகிறேன், டீச்சர் பிள்ளைகளுக்கு ஒப்பிட்டுக் காட்டலாம்.

2021 மழையில் ஆயன்குளத்துக் கிணற்றைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். குளம் நிறைந்து வந்த தண்ணீரை ஒரு தோட்டத்துக் கிணற்றுக்குள் விட்டார்கள், வாய்க்கால் தண்ணீர் முழுக்க உள்ளே போயும் வாரக்கணக்கில் கிணறு நிரம்பவே இல்லை. கூட்டம் கூட்டமாக வந்து பார்த்தார்கள். அப்புறம் ஐஐடி மெட்ராஸ் குழு வந்து ஆராய்ந்தது. அடியில் சுண்ணாம்புப் பாறை, அதில் தண்ணீர் அரித்து அரித்து உண்டாக்கிய குகை வழிகள். அந்த வழியாகத் தண்ணீர் பரவிப் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. சுற்றுவட்டாரக் கிணறுகளில் மட்டம் ஏறியது.

அதிசயம் என்று பேசி முடித்துவிட்டார்கள். பிள்ளைகளுக்கு நான் அடுத்த கேள்வியையும் கேட்பேன். நல்ல தண்ணீர் இவ்வளவு வேகமாக உள்ளே போகுமென்றால், கோழிக் கழிவும் பூச்சிமருந்து டப்பா கழுவின தண்ணீரும் எவ்வளவு வேகத்தில் போகும்? மண்ணில் மெதுவாக இறங்கினால் கொஞ்சமாவது வடிகட்டும். குகை வழி எதையும் வடிகட்டாது. கிணற்றுக்குள் வெள்ளத்தை விடுகிற எந்த வேலையிலும் முதலில் வண்டலும் அழுக்கும் தங்க ஒரு தொட்டி வேண்டும் என்று எங்கள் பக்கம் பிள்ளைகளே சொல்லுகிற நிலை வர வேண்டும்.

அடுத்து உப்பு. கடலோரத்தில் நல்ல தண்ணீர் உப்புத்தண்ணீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி வரைக்கும் நல்ல தண்ணீர் இருக்கும் என்பது கணக்கு. மேலே ஓர் அடியை இறைத்துக் குறைத்தால் கீழே உப்பு அத்தனை அடி ஏறும். இதை வகுப்பிலேயே காட்டலாம். கண்ணாடிப் பாட்டிலில் பாதி வரை உப்புத்தண்ணீர் ஊற்றிச் சொட்டுநீலம் இரண்டு துளி விடுங்கள். அதன் மேல் ஒரு கரண்டியைக் கவிழ்த்துப் பிடித்து நல்ல தண்ணீரை மெல்ல ஊற்றுங்கள், இரண்டும் கலக்காமல் நிற்கும். உறிஞ்சுகுழலை நீலத்துக்குச் சற்று மேலே வைத்து, ஊசி எடுத்த பெரிய சிரிஞ்சால் மெதுவாக இழுத்தால் ஒன்றும் ஆகாது. வேகமாக இழுத்தால் நீலம் எழும்பிக் குழலுக்குள் வந்துவிடும். திருச்செந்தூர் நாழிக்கிணறு கடலுக்கு அவ்வளவு பக்கத்தில் இருந்தும் எப்படி நல்ல தண்ணீர் தருகிறது என்று பிள்ளைகள் எப்போதும் கேட்பார்கள். அந்தப் பாட்டிலைக் காட்டிப் பதில் சொல்லலாம்.

கடைசியாக ஒன்று. பங்குனி உத்திரத்துக்கு நம் பிள்ளைகள் எல்லோரும் குடும்பத்தோடு சாஸ்தா (அய்யனார்) கோயிலுக்குப் போவார்கள். நம் சாஸ்தா கோயில்களில் பெரும்பாலானவை குளத்தங்கரையிலோ ஓடைக்கரையிலோ சுனைப் பக்கத்திலோதான் இருக்கின்றன. மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலில் சுற்றிலும் செம்மணல் தேரி, நடுவில் சுனை. தேரி மணல் மழையை அப்படியே குடித்துக்கொள்கிறது, பள்ளத்தில் சுனையாக விடுகிறது. காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலோ ஆற்றங்கரையிலேயே இருக்கிறது. உங்கள் சாஸ்தா கோயிலில் என்ன தண்ணீர் இருக்கிறது, தாத்தா காலத்தில் எப்படி இருந்தது, கூட்டம் கலைந்த பிறகு அந்த இடம் எப்படிக் கிடக்கிறது என்று எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள். ஒரு வகுப்புக்குள் அத்தனை ஊர் நீர்நிலையும் வந்துவிடும். பாபநாசம் படித்துறையில் உடுத்திய துணியை ஆற்றில் விட்டுவிட்டு வருவதைப் பற்றியும் அப்போது பேசலாம். வீட்டில் பெரியவர்களிடம் பிள்ளைகள் பேசினால் கேட்கிறார்கள்.

வள்ளியூர்க்காரன்

எல்லாம் நல்ல யோசனைதான். எனக்கு ஒரு வருத்தம் உண்டு, சொல்லியே ஆக வேண்டும். ஓடையை மறித்து ஆக்கிரமித்தவர்கள் பெரியவர்கள். ஓடைக்கரையில் ஆழ ஆழமாகக் கல் எடுப்பவர்கள் பெரியவர்கள். ஆயிரம் அடிக்குப் போர் போடுபவர்களும் பெரியவர்கள். பன்னிரண்டு வயசுப் பிள்ளையிடம் போய்த் தண்ணீரைக் காப்பாற்று என்று சொல்வது எந்த வகையில் நியாயம்? அது ஓவியம் வரைந்தாலும் கிணற்றை அளந்தாலும் கல் லாரி நிற்கப் போவதில்லை.

மறுகால்

தம்பி, நீங்கள் சொல்கிற வருத்தம் எனக்கும் உண்டு. பணியில் இருந்தபோது ஒரு வரத்துக்காலின் அகலத்தைக் கேட்டால் வரைபடத்தில் ஒன்று இருக்கும், நிலத்தில் ஒன்று இருக்கும். பழைய அகலம் தெரிந்த ஆள் செத்துப்போனால் கேட்க ஆளில்லை. ஊரில் மடைக்காரரும், வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற நீர்க்கட்டியும் இருந்த காலத்தில் குளத்து விவரம் ஒரு தலைமுறையிலிருந்து அடுத்ததற்குத் தானாகப் போனது. இப்போது அது நின்றுபோயிற்று. தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டு இருக்கிறதென்றால் ஏழு வெள்ளைக்காரன் வருவதற்கு முந்தியவை. அவற்றைக் கட்டினவர்களோடு, வருஷா வருஷம் வாய்க்காலைத் தூர்வாரி விவரத்தைக் கைமாற்றிக் கொடுத்தவர்களும் சேர்ந்துதான் இத்தனை காலம் காப்பாற்றினார்கள். பிள்ளைகளிடம் நான் பொறுப்பைத் தூக்கி வைக்கச் சொல்லவில்லை. இந்த ஓடை இவ்வளவு அகலம், இந்தக் கிணறு இந்த வருஷம் இவ்வளவு ஆழத்தில் இருந்தது என்று தெரிந்த நாற்பது பேர் ஊரில் வளரட்டும் என்கிறேன். பிற்பாடு யாராவது மறித்தால், "இது ஓடையே இல்லை" என்று அவர்களிடம் சொல்ல முடியாது.

பச்சையாறு டீச்சர்

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. நன்றி. கண்ணாடி விஷயத்தை நாளைக்கே செய்து பார்க்க ஆசையாக இருக்கிறது. இரண்டு சந்தேகம்.

ஒன்று, எந்தக் கிணறு? எங்கள் ஊரில் எந்தத் தெருக் கிணறு என்றாலே பேச்சு வேறு பக்கம் போய்விடும். என் வகுப்பில் எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். அதைக் கெடுக்கிற எதையும் நான் செய்ய மாட்டேன்.

இரண்டு, தண்ணீரைச் சோதிக்கலாம் என்றால், கெட்டது என்று வந்துவிட்டால் என்ன செய்வது? வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார், ஊராட்சியும் கோபப்படும்.

அம்பை ஆய்வகம்

டீச்சர், நான் தண்ணீர் பரிசோதனை ஆய்வகத்தில் வேலை பார்த்தவள். இரண்டாவது சந்தேகத்துக்குப் பதில் சொல்கிறேன்.

கையடக்க டிடிஎஸ் மீட்டர் மலிவாகக் கிடைக்கிறது. அதை வாங்கலாம், அதை மட்டும் நம்ப வேண்டாம். கரைந்திருக்கிற மொத்த உப்பைத்தான் அது காட்டும். இந்தியத் தர நிர்ணயத்தில் குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை அனுமதி. மீட்டரில் 300 காட்டுகிற தண்ணீரிலும் கிருமி இருக்கலாம், நைட்ரேட் இருக்கலாம். வாழைக்கு யூரியா அள்ளிக் கொட்டுகிற பகுதி உங்களுடையது, கழிவறைக் குழியும் கிணற்றுக்குப் பக்கத்தில் இருந்தால் நைட்ரேட்டைக் கட்டாயம் பார்க்க வேண்டும். லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அது கூடத்தான் செய்யும். இது நிறையப் பேருக்குத் தெரியாது. ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, 1.5-க்கு மேல் கூடாது. ஊராட்சிகளுக்குக் களப் பரிசோதனைப் பெட்டி கொடுத்திருக்கிறார்கள், கேட்டு வாங்கிப் பிள்ளைகள் முன்னால் செய்து காட்டுங்கள். சந்தேகமாக வந்தால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். ஆய்வக முடிவு வராமல் எந்தக் கிணற்றையும் கெட்டது என்று வகுப்பில் சொல்லாதீர்கள்.

முடிவு வந்ததும் முதலில் கிணற்றுக்காரரிடம் தனியாகப் போய்ச் சொல்லுங்கள், என்ன செய்யலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதற்கு அப்புறம்தான் மற்றவர்களிடம். 2022-லிருந்து மார்ச் 22 அன்று தமிழ்நாட்டில் கிராம சபையும் நடக்கிறது. நீங்கள் ஓவியப் போட்டி வைக்கிற அதே நாள். வகுப்புச் சுவரில் ஒட்டிய கிணற்றுக் கோட்டைக் கழற்றிக்கொண்டு போய்ச் சபையில் பிள்ளைகளை விட்டு விளக்கச் சொல்லுங்கள். யாரையும் குற்றம் சொல்லாமல், "ஐப்பசியில் இங்கே இருந்தது, மாசியில் இங்கே இறங்கிவிட்டது" என்று எண்ணை மட்டும் சொன்னால் போதும்.

மறுகால்

முதல் சந்தேகத்துக்கு நான் சொல்கிறேன் டீச்சர். ஒரு கிணற்றை மட்டும் எடுக்காதீர்கள். பள்ளிக்கூடத்துக் கிணறு இருந்தால் அது, இல்லாவிட்டால் எல்லாத் தெருவிலிருந்தும் ஒவ்வொன்று. வரைபடத்தில் தெருப் பெயரும் வேண்டாம், ஆள் பெயரும் வேண்டாம். கிணறு 1, கிணறு 2 என்று எண் போட்டுவிடுங்கள். எண்ணை மேட்டிலிருந்து பள்ளத்துக்கு வரிசையாகப் போட்டால், குளத்துக்குப் பக்கத்தில் உள்ளது மெதுவாக இறங்குவதும் தள்ளி உள்ளது சீக்கிரம் இறங்குவதும் தெரியும். எல்லாக் கிணறும் ஒரே குளத்துத் தண்ணீரைத்தான் குடிக்கிறது என்பது அந்த வரைபடத்திலேயே தெரிந்துவிடும். நீங்கள் வாயால் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் பிர்க்கா (சில வருவாய்க் கிராமங்கள் சேர்ந்த குறுவட்டம்) நிலத்தடி நீரில் எந்த வகையில் இருக்கிறது என்றும் பார்த்து வையுங்கள். வருஷத்துக்கு ஊறுகிற நீரில் 70 சதவீதத்துக்குள் எடுத்தால் பாதுகாப்பானது, 90 வரை பாதி அபாயம், 100 வரை அபாயம், அதற்கு மேல் போனால் அளவுக்கு மீறி உறிஞ்சப்பட்டது என்று பிரித்திருக்கிறார்கள். ஏழாம் வகுப்புக்குச் சதவீதக் கணக்குப் பாடம் உண்டல்லவா, கணக்கு டீச்சரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கூரைக் கணக்கும் கொடுங்கள். 100 சதுர மீட்டர் கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 1000 லிட்டர். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் கொட்டியது. அது உங்கள் பள்ளிக்கூடக் கூரையில் பெய்திருந்தால் எவ்வளவு என்று போட்டுப் பார்க்கட்டும். அந்த வெள்ளத்தை நேரில் பார்த்த பிள்ளைகள்தான், விடையைச் சும்மா எழுதிவிட்டுப் போக மாட்டார்கள்.

பச்சையாறு டீச்சர்

எண் போடுகிற யோசனை எனக்கு நிம்மதியாக இருக்கிறது அண்ணாச்சி. சுற்றுச்சுவர் உள்ள கிணறுகளாகப் பார்த்து, வீட்டுக்காரர்களிடம் இந்த ஞாயிற்றுக்கிழமை போய்க் கேட்கப் போகிறேன். பெற்றோர் கூட்டத்தில் கண்ணாடியைக் காட்டி, பிள்ளைகள் எங்கே நிற்பார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சொல்லிவிட்டால் அவர்களில் இரண்டு பேராவது கூட வருவார்கள். அளப்பதற்குக் கயிறா, நாடாவா? கயிற்றில் கல் கட்டி விட்டால் தண்ணீரைத் தொட்டது எப்படித் தெரியும்?

மறுகால்

பருத்திக் கயிறு வேண்டாம், நனைந்தால் சுருங்கும், அளவு மாறிவிடும். கொத்தனார் வைத்திருக்கிற நீள நாடாவை இரவல் வாங்குங்கள். நுனியில் கழுவின இரும்பு நட்டு ஒன்றைக் கட்டிவிடுங்கள். கடைசி ஒரு மீட்டருக்குச் சாக்பீஸை அழுத்தித் தேய்த்துவிட்டு இறக்குங்கள். நட்டு தண்ணீருக்குள் கொஞ்சம் மூழ்கட்டும், சிவப்புக் கோட்டுக்கு நேராக நாடாவில் என்ன எண் இருக்கிறது என்று பார்த்து முழு எண்ணாக நிறுத்துங்கள். மேலே இழுத்தால் சாக்பீஸ் நனைந்த இடம் கறுத்துத் தெரியும். முதல் எண்ணிலிருந்து நனைந்த எண்ணைக் கழித்தால் ஆழம். கழித்தலைப் பிள்ளைகளை விட்டுப் போடச் சொல்லுங்கள். இரண்டு தடவை அளந்து இரண்டும் ஒத்துப் போனால் மட்டும் நோட்டில் ஏற்றுங்கள்.